வெள்ளித் தட்டுக்கு மூன்று ஊர்ப் போட்டி

ஜப்பானின் ஜே1 லீக்கில் 2024 மாதிரி ஒரு சீசன் உலகத்தில் எங்கேயும் நடக்கவில்லை என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் எல்லாம் நள்ளிரவு வரை கண் விழித்து இங்கிலாந்து, ஸ்பெயின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கொட்டாவியோடு அலுவலகம் போகிறவர்கள். அந்த லீக்குகளில் யார் ஜெயிப்பார் என்று கேட்டால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவிடலாம். இங்கே அது நடக்காது. பிப்ரவரியில் ஆரம்பித்து 20 அணிகள், அணிக்கு 38 ஆட்டம் என்று பத்து மாதம் ஓடி, டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை காலை புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் விஸ்ஸல் கோபே 69, சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா 68, மச்சிதா ஜெல்வியா 66. இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி, அதிலும் மூன்று பேருக்கும் வாய்ப்பு இருந்தது! இதில் மச்சிதா முதல் தடவையாக முதல் அடுக்குக்கு வந்த அணி. இதைவிட என்னய்யா வேண்டும் ஒரு ரசிகனுக்கு?

வேலை நிமித்தமாக டோக்கியோவில் குடியிருக்கிறேன். அந்த ஆண்டு என் சனி, ஞாயிறுகள் எல்லாம் இந்த லீக்குக்கே போயின. வீட்டில் வாங்கிய ஏச்சுகளை இங்கே எழுதப் போவதில்லை.

தொடங்கியதே ஒரு கதைபோலத் தொடங்கியது. ஜே லீக் 10 அணிகளோடு பிறந்தது 1993-ல். அந்த ஆண்டு மே 15 அன்று டோக்கியோவின் பழைய தேசிய மைதானத்தில் நடந்த முதல் ஆட்டம் வெர்டி கவாசாகிக்கும் யோகோஹாமா மரினோஸுக்கும் இடையே. அன்றைக்கு வெர்டிதான் நாட்டின் பெரிய அணி, நட்சத்திரங்களின் கூடாரம். பிறகு பணம் வற்றியது, ஊர் மாறியது, பெயர் டோக்கியோ வெர்டி ஆனது, 2008-ஓடு முதல் அடுக்கைவிட்டே இறங்கிப் போனது. பதினைந்து வருடம் இரண்டாம் அடுக்கில் கிடந்தார்கள். 2023 டிசம்பரில் முதல் அடுக்குக்கு ஏறுவதற்காக நடந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் ஒரு பெனால்டி கிடைத்து, அதனால்தான் மேலே ஏறினார்கள். லீக் நிர்வாகத்தில் யாருக்கோ நல்ல நாடக ரசனை இருந்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரி 25 அன்று அதே இடத்தில் கட்டப்பட்ட புதிய தேசிய மைதானத்தில், வெர்டியின் முதல் ஆட்டத்தை அதே மரினோஸோடு வைத்தார்கள்.

ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். பிப்ரவரிக் குளிரில் விரல் மரத்துப் போனது. ஏழாவது நிமிடத்தில் வெர்டியின் யமடா கோகி ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார் பாருங்கள், பச்சைப் பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. முப்பது வருடத்துக்கு முன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னோடு வந்திருந்த மதுரைக்காரத் தம்பி யோகோஹாமாவில் குடியிருப்பவன், மரினோஸ் வெறியன். நான் அவனைச் சீண்டியபோது, "அண்ணே, விசில் ஊதுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றான். 89-வது நிமிடத்தில் மரினோஸுக்குப் பெனால்டி. ஆண்டெர்சன் லோப்பெஸ் அடித்தார். கூடுதல் நேரத்தில் மட்சுபரா கென் இன்னொன்று போட, வெர்டி 1-2 என்று தோற்றது. 1993-லும் வெர்டிதான் முதல் கோல் போட்டது, 1-2 என்றுதான் தோற்றது! எழுதிக் கொடுத்து நடிக்கச் சொன்னாலும் இப்படி வராது. தம்பி ஸ்டேஷன் வரை பாடிக்கொண்டே வந்தான்.

அந்த வெர்டி அதோடு சுருண்டு போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஜோஃபுக்கு ஹிரோஷி என்ற பயிற்சியாளர், பெரிய பெயர் இல்லாத இளம் பையன்களை வைத்துக்கொண்டு, ஓட ஓட ஓடவிட்டே ஆறாம் இடத்தில் கொண்டுபோய் முடித்தார். எனக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் அவர்தான். யார் மறுத்தாலும் கவலை இல்லை.

மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்வது பாதிக் கதை. ஜப்பானில் ஆட்டம் பார்க்கப் போனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளில்தான் டிக்கெட் வாங்க வேண்டும். விலையும் அங்கேதான் குறைவு. 90 நிமிடமும் யாரும் உட்கார மாட்டார்கள். மேளம் நிற்காது. நடுவில் ஒரு மேடை மாதிரி கட்டிய இடத்தில் ஒருவர் ஒலிபெருக்கியோடு ஏறி நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பார். அவர் கூட்டத்தைப் பார்த்தபடி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவு தூரம் வந்து, காசு கொடுத்து, பெரும்பாலான கோல்களைப் பார்க்காமலே போகிற மனிதர்! கூட்டத்தின் முகம் மாறுவதை வைத்தே கோல் விழுந்ததைத் தெரிந்துகொள்வார்போல. உலகத்தில் இதைவிடப் பெரிய ரசிகனை எனக்குக் காட்டுங்கள்.

நம் அணி 0-3 என்று தோற்றுக்கொண்டிருந்தாலும் பாட்டு குறையாது. தோற்றுப்போன வீரர்கள் ஆட்டம் முடிந்ததும் அப்படியே உள்ளே ஓடிவிட முடியாது. மைதானத்தைச் சுற்றி நடந்து வந்து ஒவ்வொரு பக்கமும் வரிசையாக நின்று குனிந்து வணங்க வேண்டும். எதிரணி ரசிகர்களோடு அடிதடி இருக்காது. வெள்ளைத் தலைப் பாட்டிகள் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதும், கைக்குழந்தைகள் காதுக்கு மூடி போட்டுத் தூங்குவதும் ஒரே வரிசையில் நடக்கும். ஒரே ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. சொந்த அணியின் ரசிகர் பகுதியில் எதிரணி நிறச் சட்டையோடு போய் நிற்கக் கூடாது. வாசலிலேயே ரொம்பப் பணிவாகத் தடுத்துவிடுவார்கள்.

சாப்பாடு தனிக் கதை. காஷிமா மைதானத்தின் குடல் குழம்புக்காகவே எதிரணி ரசிகர்கள் சீக்கிரம் கிளம்பி வருவார்கள். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் அவித்த சோயா காயும்தான் கதி. கையில் எதையாவது கொண்டு போங்கள்.

இனி ஹிரோஷிமா. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. சான்ஃப்ரெச்சே 2012, 2013, 2015 என்று மூன்று தடவை லீக்கை ஜெயித்த அணி. ஆனால் அவர்கள் ஆடியது ஊருக்கு வெளியே மலைப் பக்கத்தில், 1994 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய பெரிய மைதானத்தில். நடுவே ஓடுபாதை. பந்து எங்கேயோ தூரத்தில் உருளும். நகரத்துக்குள் ஒரு கால்பந்து மைதானம் வேண்டும் என்று ரசிகர்களும் வீரர்களும் கையெழுத்து வாங்கினார்கள். இடம் எது, காசு யார் கொடுப்பது என்று வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், ஏறக்குறைய 28,500 இருக்கைகளோடு எடியன் பீஸ் விங்.

அது இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். அணுகுண்டு விழுந்த இடத்தில் இன்றும் நிற்கும் அந்தக் குவிமாடக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு பக்கம் ஹிரோஷிமா கோட்டை. ஆட்ட நாளில் அமைதிப் பூங்கா வழியாக ஊதா நிறச் சட்டைகள் கூட்டங்கூட்டமாக வடக்கே போகும். அப்பாக்கள், பிள்ளைகள், பள்ளிச் சீருடையோடு நேராக வருகிறவர்கள். பூங்காவில் தலை குனிந்து நின்றுவிட்டு, கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துவதில் அந்த ஊருக்கு எந்த முரணும் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஊரின் மதிய நேரம்.

பிப்ரவரி 23 அன்று சீசனின் முதல் ஆட்டத்தையே இங்கேதான் வைத்தார்கள். உராவா ரெட்ஸை 2-0 என்று அடித்தது ஹிரோஷிமா. அந்த ஆண்டுதான் ஷோனானிலிருந்து வந்து சேர்ந்த ஓஹாஷி யூகி இரண்டு கோலையும் போட்டார். முதல் ஆட்டத்திலேயே ஊரின் செல்லப்பிள்ளை! ஆனால் இங்கே ஒரு வேதனை உண்டு. ஜப்பானில் நன்றாக ஆடுகிறவனை ஐரோப்பா கூப்பிட்டுக்கொண்டு போய்விடும். அதுவும் சீசன் பாதியில். கோடையில் ஓஹாஷி இங்கிலாந்தின் பிளாக்பர்னுக்குப் போனார். நடுகள வீரர் கவமுரா தகுமு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்குப் போனார். இன்னொருவர் தாய்லாந்துக்கு. முதுகெலும்பை உருவியது மாதிரி ஆயிற்று. பயிற்சியாளர் மிஷாயெல் ஸ்கிபே என்ற ஜெர்மானியர் அசரவில்லை. ஐரோப்பாவிலிருந்து பழைய பிள்ளை கவாபே ஹயாவோ திரும்பி வந்தார், தோல்காய் அர்ஸ்லான் வந்தார், அணி இன்னும் வேகமாக ஓடியது. கோடையில் தொடர்ந்து ஏழு வெற்றி. அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி ஹிரோஷிமாதான், மொத்தம் 72. வீட்டு ஆட்டங்களுக்குச் சராசரியாக 25,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஊரின் நடுவே மைதானம் கட்டுங்கள் என்று கேட்டவர்கள் சொன்னது சரிதான் என்று டிக்கெட் கவுன்டரே சாட்சி சொன்னது.

இப்போது வில்லனைப் பற்றி. எனக்கு வில்லன் இல்லை, ஆனால் ஜப்பானில் பாதிப் பேருக்கு மச்சிதா ஜெல்வியாதான் வில்லன். மச்சிதா டோக்கியோவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் ஓர் ஊர். மைதானம் குன்றின் மேல். ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து பிடித்து ஏற வேண்டும். திரும்பும்போது அந்தப் பேருந்து வரிசையில் நின்றால் அடுத்த வார ஆட்டமே வந்துவிடும்போல இருக்கும். 15,000 பேர் கொள்ளும் சின்ன மைதானம், உள்ளே போய்விட்டால் சுற்றிலும் மரமும் வானமும்தான். சைபர் ஏஜென்ட் என்ற இணைய நிறுவனம் அணியை வாங்கிய பிறகு, 2019-ல் பெயரையே எஃப்.சி. மச்சிதா டோக்கியோ என்று மாற்றப் பார்த்தார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். முதலாளி பின்வாங்கினார். ஊர்ப் பெயரை விற்க மாட்டோம் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்ன கூட்டம் அது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

அவர்களின் பயிற்சியாளர் குரோடா கோ, அதற்கு முன்பு ஏறக்குறைய முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியார். வடக்கே அவோமோரி யமடா உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணியை நாட்டின் சிறந்த பள்ளி அணியாக ஆக்கியவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு 2023-ல்தான் தொழில்முறைக் கால்பந்துக்குள் காலை வைத்தார். வந்த வருடமே இரண்டாம் அடுக்கில் முதலிடம். மறு வருடம் முதல் அடுக்கில், கோடை முழுக்கப் பட்டியலின் உச்சியில்! மேட்டிமைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மச்சிதா ஆட்டம் அழகு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பக்கக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் கோல் முகத்துக்கே நீளமாக எறிவார்கள். அங்கே ஓ செ ஹுன் என்ற ஆறடிக்கும் மேல் உயரமான கொரியர் தலையை வைத்துக் காத்திருப்பார். எறிவதற்கு முன் பந்தைத் துடைக்கக் கோட்டோரம் துண்டுகள் வைத்திருப்பார்கள். செப்டம்பரில் ஹிரோஷிமாவோடு நடந்த ஆட்டத்தில் அந்தத் துண்டுகளில் எதிரணியினர் தண்ணீர் ஊற்றியதாக ஒரு பெரும் சர்ச்சை கிளம்பி நாடே பேசியது. துண்டு நனைந்ததற்கு ஒரு சர்ச்சை! நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு புது அணியின் கையெறியைப் பார்த்து எதிரணிகள் அந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டியிருந்தது. அதுதான் குரோடாவின் வெற்றி.

பெரியவர்களையே பேசிக்கொண்டிருந்தால் சாகன் டோசு கோபித்துக்கொள்ளும். கியூஷுவில் இருக்கும் டோசுவின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் கீழே. ரயில் நிலையத்தை ஒட்டியே மைதானம், ஊர் ஜனத்தில் மூன்றில் ஒரு பங்கு பேரை உட்கார வைத்துவிடலாம். 2012-ல் ஏறிய பிறகு பதின்மூன்று சீசன், ஒரு தடவைகூட இறங்காமல் பணக்கார அணிகளோடு மல்லுக்கட்டியது இந்தச் சின்ன ஊர். 2024 அக்டோபரில் அந்தக் கணக்கு முடிந்துபோனது. இறங்குவது உறுதியான பிறகும் கடைசி ஆட்டத்தில் ஜூபிலோ இவாட்டாவை 3-0 என்று அடித்து, அவர்களையும் கூடவே இரண்டாம் அடுக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சுயமரியாதை என்றால் இதுதான்.

நடுவில் லெவைன் கோப்பை இறுதி ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். இது லீக்குக்கு வெளியே நடக்கும் இன்னொரு கோப்பை, ஒரு பிஸ்கட்டின் பெயரில். நவம்பர் 2, தேசிய மைதானம், மழை. நகோயாவுக்கு எதிராக நீகட்டா. முதல் தடவையாக ஒரு பெரிய இறுதி ஆட்டத்துக்கு வந்த நீகட்டாவிலிருந்து ஆரஞ்சு நிற மழைக்கோட்டுகள் அலை அலையாக இறங்கின. மைதானத்தில் 62,517 பேர். நகோயா இரண்டு கோல் முன்னே போனது. நீகட்டா ஒன்றைத் திருப்பியது. கூடுதல் நிமிடங்களின் கடைசியில் பெனால்டி கிடைத்து 2-2. கூடுதல் அரைமணியில் நகோயா மறுபடி முன்னே போக, நீகட்டா மறுபடி சமன் செய்து 3-3! பெனால்டி அடிகளில் நகோயா ஜெயித்தது. அந்த ஆண்டோடு நகோயாவை விட்டுப் போகவிருந்த ஆஸ்திரேலியக் கோல் காப்பாளர் மிட்ச் லாங்கெராக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து மகிழ்ந்தேன். நீகட்டாக்காரர்கள் அழுதுகொண்டே பாடினார்கள். எனக்கு ஊருமில்லை உறவுமில்லை, நானும் சேர்ந்து அழுதேன்.

இதற்குள் லீக் கொதிக்கத் தொடங்கிவிட்டது. மச்சிதா இலையுதிர் காலத்தில் தடுமாறியது. ஹிரோஷிமா மேலே வந்தது, பிறகு ஷோனான், கியோத்தோ, உராவா என்று வரிசையாக மூன்று தோல்வி. அந்த இடைவெளியில் சத்தம் போடாமல் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது, முந்தைய ஆண்டின் சாம்பியன் விஸ்ஸல் கோபே.

நவம்பர் 30 அன்று காஷிவாவில் நடந்த ஆட்டத்தை நான் சாகும்வரை பேசுவேன். காஷிவா மைதானத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினால் வீரரைத் தொட்டுவிடலாம்போல இருக்கும். காஷிவா ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கோபே முட்டுகிறது, மோதுகிறது, பந்து உள்ளே போக மாட்டேன் என்கிறது. 90 நிமிடம் முடிந்தது. கூடுதல் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் வால்முனையில் முத்தோ யோஷினோரி பந்தை உள்ளே தள்ளினார். 1-1. ஒரே ஒரு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள். மறுநாள் ஹிரோஷிமா சப்போரோவை 5-1 என்று துவைத்தது. முத்தோவின் அந்தக் கோல் இல்லாவிட்டால் இரண்டு அணிக்கும் 68 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஹிரோஷிமா முதலிடம். அந்தப் பந்து ஒரு சீசனையே திருப்பியது. அந்த 5-1 ஆட்டத்தில் ஹிரோஷிமாவுக்காக முதல் நிமிடத்திலிருந்து இறங்கியவர் அவோயாமா தோஷிஹிரோ. 2004 முதல் 21 சீசன் ஒரே அணிக்கு ஆடியவர், அது சொந்த மைதானத்தில் அவருடைய விடைபெறும் ஆட்டம். அவருக்கு நாலாவது பட்டம் கிடைத்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆனால் கோபேயின் கதை தெரிந்தவர்கள் கோபேயையும் வெறுக்க முடியாது. விஸ்ஸல் கோபே அணியின் முதல் பயிற்சி நாளாகக் குறிக்கப்பட்டிருந்த தேதி 1995 ஜனவரி 17. அன்று அதிகாலை 5.46-க்கு நிலம் நடுங்கி 6,434 பேர் இறந்தார்கள். ஊர் எரிந்தது. அணிக்குப் பணம் தருவதாக இருந்த பெரிய கடை நிறுவனம் விலகிக்கொண்டது. பிறந்த நாளிலேயே அநாதையான அணி. 2004-ல் கோபேக்காரரும் ரக்குத்தென் என்ற இணைய வணிக நிறுவனத்தின் நிறுவனருமான மிக்கிதானி ஹிரோஷி பொறுப்பேற்றார். 2018-ல் ஸ்பெயின் நட்சத்திரம் இனியெஸ்தாவையே கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், லீக் பட்டம் வந்தது இனியெஸ்தா கிளம்பிப் போன பிறகு! கஷ்ட காலத்தில் மட்டும் அழைக்கப்பட்டுவந்த யோஷிடா தகயுகி மூன்றாவது தடவையாகப் பயிற்சியாளர் ஆனார். ஐரோப்பாவில் பல ஆண்டு ஆடிவிட்டு வீடு திரும்பிய ஒசாகோ யூயா, முத்தோ, சகாய் கோட்டொகு என்று முப்பதைத் தாண்டியவர்களை வைத்துக்கொண்டு, இருபது வயசுப் பையன்களை மூச்சிரைக்க வைத்தார். 2023-ல் முதல் லீக் பட்டம். 2024 நவம்பர் 23 அன்று காம்பா ஒசாகாவை 1-0 என்று வென்று, நாடு முழுக்க அணிகள் மோதும் பேரரசர் கோப்பையும் கையில். இப்போது லீக்கும் வேண்டும்.

டிசம்பர் 8. கடற்கரைச் சுரங்க ரயிலில் மிசாக்கி பூங்கா ஸ்டேஷனில் இறங்கினால் சிவப்புச் சட்டைகளின் நெரிசல். விஸ்ஸலின் செல்லச் சின்னம் மோவி என்ற மாடு, அதைச் சுற்றிக் குழந்தைகள். எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில், மதியம் 2 மணிக்கு. ஆட்டம் தொடங்கும் முன் கூட்டம் முழுக்கத் துண்டை உயர்த்திப் பிடித்துப் பாடும் பாட்டு உண்டு. எடித் பியாஃப் பாடிய பழைய பிரெஞ்சுக் காதல் பாட்டின் மெட்டில், நிலநடுக்கத்தை மறக்காத ஊர் தனக்காக எழுதிக்கொண்டது. அதை 20,000 குரல்களுக்கு மேல் சேர்ந்து பாடும்போது உள்ளே நின்று கேட்டவனுக்கு ரோமம் சிலிர்க்காவிட்டால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

எதிரணி ஷோனான். 26-வது நிமிடத்தில் மியாஷிரோ தைசெய் ஒன்று. இடைவேளைக்குச் சற்று முன் முத்தோ ஒன்று. யாரும் தங்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்கவில்லை, எல்லார் கையிலும் செல்பேசி. ஒசாகாவில் காம்பா ஹிரோஷிமாவை அடிக்கிறது, காஷிமாவில் மச்சிதா பின்தங்குகிறது என்று செய்தி வரிசை வரிசையாகக் கைமாறியது. 70-வது நிமிடத்தில் இதெகுச்சி யோசுகே மூன்றாவதைப் போட்டபோது, முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். கோபே 3-0. அங்கே ஹிரோஷிமா 1-3, மச்சிதாவும் 1-3. கோபே 72 புள்ளி, ஹிரோஷிமா 68, மச்சிதா 66. நாலாவதாக வந்த காம்பாவுக்கும் 66, கோல் வித்தியாசம்தான் மச்சிதாவைக் காப்பாற்றியது. லீக் சாம்பியனுக்குக் கொடுக்கும், வீரர்கள் மாறி மாறித் தூக்கிய அந்த வெள்ளித் தட்டு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். ஒரே ஆண்டில் இரண்டு பட்டம், அதுவும் நிலநடுக்கத்தின் முப்பதாவது நினைவு நாளுக்கு ஒன்றரை மாதத்துக்குள் முன்னால். சிறந்த வீரர் விருது 13 கோல் போட்ட முத்தோவுக்குப் போனது, வேறு யாருக்குப் போயிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். 24 கோலோடு அதிக கோல் அடித்தவர் அதே ஆண்டெர்சன் லோப்பெஸ். மதுரைத் தம்பிக்கு ஆறுதல் அது ஒன்றுதான், அவனுடைய மரினோஸ் ஒன்பதாம் இடத்தில் முடிந்தது.

குறையே இல்லையா? இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு வெயிலில் மாலை 7 மணி ஆட்டத்தில்கூட வீரர்கள் மூச்சு வாங்கினார்கள், பல ஆட்டங்கள் இரண்டாம் பாதியில் நடையாகிவிட்டன. நல்ல பையன்கள் நடுவில் கிளம்பிப் போவதும் வலிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் லீக் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் பழைய அட்டவணை 2025-ஓடு போயிற்று. 2026 ஆகஸ்ட் முதல் ஐரோப்பா மாதிரி இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து, குளிருக்கு நடுவில் இடைவெளி விட்டு, கோடைக்கு முன் முடியும் சீசன். வடக்கே பனி விழும் ஊர் ரசிகர்களுக்கு இதில் சங்கடம் உண்டு, எனக்கும் அந்தப் பிப்ரவரிக் குளிர்த் தொடக்கம் போனதில் வருத்தம்தான்.

நேரத்தைச் சாக்காகச் சொல்லாதீர்கள். ஜப்பானில் மதியம் 2 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 10.30, மாலை 7 மணி ஆட்டம் என்றால் 3.30. யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காரலாம். ஜப்பானுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஃபூஜி மலை, கோயில், செர்ரிப் பூ எல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமையை மட்டும் எனக்காக ஒதுக்கிவையுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்தில் ஓர் அணி இருக்கும், 2024-ல் மூன்று அடுக்கிலும் சேர்த்து 60 அணிகள். கோல் கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் எடுங்கள். அந்த ஊர் நிறத்தில் ஒரு துண்டு வாங்கிக் கழுத்தில் போடுங்கள். பாட்டு தெரியாவிட்டால் கைதட்டினால் போதும், பக்கத்தில் நிற்பவர் சொல்லிக் கொடுப்பார்.